புள்ளி

ஓ.சிறுவயலில் கணக்கெடுப்பு முடிந்ததென்று
சாக்கோட்டை ஒன்றிய அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன்.
முடியவில்லை.
ஒரு வீடு மிச்சம்.

முகப்பு கீழத்தெருவில் தொடங்கி
மேலத்தெருவில் கொல்லைக் கதவாக முடியும் வீடு.
குறுக்கே நடக்க நூற்றுப் பதினான்கு எட்டு.
படிவத்தில் நீளம் கேட்டார்கள், எண்ணினேன்.
சுவர்: சுண்ணாம்பு, முட்டை வெள்ளை.
மேல்தளம்: பர்மாத் தேக்கு.
அறைகள்: செயலியில் இரண்டு இலக்கம்தான் போகும்,
அறுபத்தேழு, நல்லவேளை அடங்கிற்று.
குடியிருப்போர்: ஒருவர்.
பெயர்: கொப்பாத்தாள்.

செயலி யோசிக்கவே இல்லை.
தகுதியற்றவர் என்றது, சிவப்பில்.

அறுபத்தேழு அறைச் சாவியும் அவள் இடுப்பில்.
படுப்பது கொல்லைக் கதவோரம்
விறகு அடுக்கியிருந்த தகரச் சாய்ப்பில்.
ஐப்பசியில் பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு
உட்கார்ந்தபடி தூங்குவாளாம்.
உள்ளே போய்ப் படுக்கலாமே என்று கேட்டேன்.
என்னைப் பார்த்தாள்.
அடுத்த கேள்விக்குப் போனேன்.

கண்மாய்க்கு அந்தப் பக்கம் இரண்டரை சென்ட்,
பட்டா அவள் பெயரில்.
லேமினேட் செய்து வைத்திருந்தாள்.
லேமினேட் செய்தால் செல்லாதென்று வங்கியில் யாரோ சொல்ல
ஒரு மூலையை மட்டும் பிளேடால் உரித்துப் பார்த்து
எழுத்து கூடவே வருவதைக் கண்டு
நிறுத்திவிட்டிருக்கிறாள்.

மானியக் கடனுக்கு விதி எளிது:
எங்கும் கெட்டி வீடு இருக்கக் கூடாது.
பள்ளத்தூர் கிளை மேலாளர் தன்மையாகத்தான் சொன்னார்,
"இல்லைங்கறதுக்கு ஒரு சான்று வாங்கிட்டு வாங்கம்மா."
இருக்கிறது என்பதற்குப் பத்திரம் உண்டு, வில்லங்கம் உண்டு,
இல்லை என்பதற்கு
வி.ஏ.ஓ. தாசில்தாரைக் காட்டினார்,
தாசில்தார் உடையவர்களைக் காட்டினார்.

உடையவர்கள் இருபத்து மூன்று புள்ளி.
கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் அவர்கள் கணக்கில் ஒரு புள்ளி.
பினாங்கில் நான்கு, அடையாற்றில் ஒன்பது,
நியூ ஜெர்சியில் ஒன்று, அது போனை எடுப்பதில்லை.
படைப்புக்கு மட்டும் காரில் வந்து
அன்று மாலையே ஓட்டலுக்குத் திரும்பிவிடுவார்கள்.

வாட்ஸப் குழுவில் பத்தொன்பது நாள் பேசினார்கள்.
எழுதிக் கொடுத்தால்
அவள் குடியிருந்தாள் என்று நாமே ஒப்புக்கொண்டதாகும்,
என்றது ஒரு புள்ளி.
கொடுக்காவிட்டால் இங்கேயேதான் இருப்பாள்,
என்றது இன்னொன்று.
நடுவில் யாரோ பேரனின் மொட்டைப் படம் போட்டார்கள்.
இருபதாம் நாள் கூரியரில் வந்தது:

*மேற்படி நபருக்கு மேற்படி கட்டடத்தில்
எவ்வித உரிமையோ பாத்தியதையோ இல்லை,
எக்காலத்தும் கோரவும் மாட்டார்.*

இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள்.
"எம்பேரும் இந்த வீட்டு நம்பரும்
ஒரே தாள்ல வர்றது இதான் மொதத் தடவ."
ரேஷன் அட்டையில் இருக்கிறதே என்றேன்.
"அது அரிசிக்கு" என்றாள்.

மறுநாள் மனையில் நின்று படமெடுத்தோம்.
கருவேல முள், ஒரு பழைய செருப்பு, அவள்.
நடுவில் நில்லுங்கள், அசையாதீர்கள் என்றேன்.
துல்லியம் பதினோரு மீட்டர் என்றது செல்போன்.
மனையே பத்து மீட்டர்தான்.
இப்போது அழுத்தினால் அவள் வீடு
கண்மாய்த் தண்ணீருக்குள் விழலாம்,
பக்கத்து மனையில் விழலாம்.
காத்திருந்தோம். ஒன்பது. பத்து. மறுபடி ஒன்பது.
வெயில் அவள் முகத்துக்கு நேராக இருந்தது,
அவள் கையை மறைக்க உயர்த்தவில்லை,
அசையாதீர்கள் என்று சொல்லியிருந்தேனே.

நான்கு வந்ததும் அழுத்தினேன்.
புள்ளி பதிவாகிவிட்டது என்றது செயலி.
விண்ணப்பம் பரிசீலனையில் என்றது.
எத்தனை நாளாகும் என்று கேட்டாள்.
அஸ்திவாரத்துக்கு முதல் தவணை,
ஜன்னல் மட்டத்துக்கு இரண்டாவது என்று
கேட்காததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சேலையில் ஒட்டிய முள்ளை ஒவ்வொன்றாய் எடுத்தாள்.
மணி என்ன என்றாள்.
ஐந்தரை.
நடையைக் கூட்டினாள், சாவி குலுங்க.
ஆறு மணிக்கு அங்கே
முகப்பில் விளக்குப் போட்டாக வேண்டும்.